பழைய பிட்மேப் எழுத்துருவை இன்றைய நிரலாக்கத்துக்குத் தகவமைத்தல்: எக்ஸ் விண்டோவின் 6×13 எழுத்துருவைக் கொண்டு ஒரு முழுமையான வழிகாட்டி

யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளின் வரைகலைத் திரை அமைப்பான எக்ஸ் விண்டோவில், கட்டளைகளை உரையாகத் தரும் எக்ஸ்டெர்ம் டெர்மினலை எந்த அமைப்பையும் மாற்றாமல் திறந்தால் கண்ணில் படும் எழுத்துருவின் பெயர் 'ஃபிக்ஸ்டு'. அதன் ஒவ்வோர் எழுத்தும் 6 பிக்சல் அகலமும் 13 பிக்சல் உயரமும் கொண்ட ஒரே அளவான கட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது. வளைகோடுகளால் ஆன இன்றைய எழுத்துருக்களில் கணினி தானே முடிவு செய்துகொள்ளும் பலவற்றை, அதாவது எந்தப் புள்ளி கறுப்பாக வேண்டும், எது வெறுமையாக இருக்க வேண்டும் என்பதை, இதில் ஒரு மனிதர் ஒவ்வொரு பிக்சலாக உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். சிறிய அளவில் நாள் முழுவதும் நிரல் படிக்கிறவர்களுக்கு இத்தகைய பிட்மேப் எழுத்துரு இன்றும் பயன்படுவதற்கு அந்தக் கவனமே காரணம் என்பது என் கருத்து.

ஆனால் அதை அப்படியே எடுத்து இன்றைய திரையிலும் இன்றைய எடிட்டரிலும் வைத்தால் பெரும்பாலும் ஏமாற்றமே கிடைக்கும். சில நிரல்கள் அந்தக் கோப்பை எழுத்துருவாகவே ஏற்பதில்லை. ஏற்கும் நிரல்களில் சில அதை மங்கலாகக் காட்டுகின்றன. பூஜ்ஜியத்துக்கும் பெரிய 'ஓ'வுக்கும் உள்ள வேறுபாடும் இன்றைய தேவைக்குப் போதாது. இவற்றை எந்த வரிசையில், எந்த அளவுக்குத் திருத்துவது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. எல்லாப் படிகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: வரையும்போதும், மாற்றும்போதும், திரையில் காட்டும்போதும் ஒரு பிக்சல் முழுப் பிக்சலாகவே இருக்க வேண்டும். பாதிப் பிக்சல் எந்த இடத்தில் நுழைந்தாலும் அதுவரை செய்த வேலை அங்கே கெட்டுவிடும்.

எந்த எழுத்துருவை அடிப்படையாகக் கொள்வது

முதலில் பார்க்க வேண்டியது அழகை அல்ல, உரிமத்தை. 6×13 எழுத்துருவின் கோப்பிலேயே அது பொதுவுடைமை என்றும், மகிழ்ந்து பகிர்ந்துகொள்ளலாம் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே அதைத் திருத்தவும் புதிய பெயரில் வெளியிடவும் எந்தத் தடையும் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க்குஸ் குன், பழைய எக்ஸ் எழுத்துருக்களை யூனிகோடுக்கு விரிவாக்கிய தொகுப்பில் இதுவும் உண்டு. இதன் தடித்த வடிவமும் சாய்ந்த வடிவமும்கூட அதிலேயே கிடைக்கின்றன. அந்தத் தொகுப்பையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை மட்டும் கொண்ட பழைய கோப்பிலிருந்து தொடங்கினால் ஏற்கெனவே முடிந்த வேலையை மறுபடியும் செய்ய நேரிடும்.

டிமிதர் ஷெகோவின் டெர்மினஸ் இன்னொரு நல்ல தேர்வு. 6×12 முதல் 16×32 வரை ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக வரையப்பட்ட எழுத்துகள் அதில் இருப்பதால் பெரிய திரை வைத்திருப்பவர்களுக்கு அது கூடுதலாக உதவும். அது திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வருகிறது. அந்த உரிமத்தில் எழுத்துருவின் பெயர் ஒதுக்கப்பட்ட பெயராக அறிவிக்கப்பட்டிருப்பதால், திருத்திய வடிவத்தை அதே பெயரில் வெளியிடக் கூடாது. நிரலாளர்களுக்கான குறிகளைச் சேர்த்து வெளியிடும் நெர்டு ஃபாண்ட்ஸ் தொகுப்பில் அது 'டெர்மினெஸ்' என்று பெயர் மாறி வருவதற்குக் காரணம் இதுதான்.

பழைய ஐபிஎம் கணினிகளின் எழுத்துருக்களை விரும்புகிறவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 1987-இல் வந்த விஜிஏ என்னும் திரைத் தரத்தின் உரைத் திரை 720×400 பிக்சல்களை 4:3 வடிவத் திரையில் நிரப்பியது. கணக்கிட்டுப் பார்த்தால் அந்தப் பிக்சலின் உயரம் அகலத்தைப் போல 1.35 மடங்கு. இன்றைய திரைகளில் பிக்சல் சதுரமாக இருப்பதால் அதே எழுத்து குட்டையாகவும் அகன்றும் தெரியும். அதைச் சரிசெய்யப் போனால் முழுப் பிக்சல் விதி உடைந்துவிடும். 6×13 எழுத்துருவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதன் முழுப்பெயரிலேயே கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் 75 என்று ஒரே பிரிதிறன் (ஓர் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் என்ற கணக்கு) குறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது சதுரப் பிக்சலை மனத்தில் கொண்டே அது வரையப்பட்டது. நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அது முக்கியமான காரணம்.

கட்டத்தைப் படித்தறிதல்

மூலக்கோப்பு அடோபி நிறுவனம் வகுத்த 'பிட்மேப் டிஸ்ட்ரிபியூஷன் ஃபார்மட்' வடிவில் இருக்கும். இது சாதாரண உரைக்கோப்பு. எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியில் வைத்து ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்யலாம். இந்த வழிகாட்டியில் இதைப் 'பிட்மேப் மூலக்கோப்பு' என்றே குறிப்பிடுகிறேன். ஃபாண்ட்ஃபோர்ஜ், பிட்ஸ் அண்ட் பிக்காஸ் போன்ற எழுத்துரு வரையும் கருவிகளில் சுட்டியால் கட்டங்களை நிரப்பியும் திருத்தலாம். எனினும் ஒரு முறையாவது கோப்பை உரையாகத் திறந்து படித்துவிடுவது நல்லது, ஏனெனில் பின்னால் வரும் எல்லாக் கணக்குகளும் அந்த எண்களிலிருந்தே பிறக்கின்றன.

கோப்பின் தலைப்பகுதி, கட்டத்தின் அளவு 6×13 என்றும், அடிக்கோட்டுக்கு, அதாவது எழுத்துகள் நிற்கும் கோட்டுக்கு, மேலே 11 வரிசைகளும் கீழே 2 வரிசைகளும் உள்ளன என்றும் சொல்கிறது. பெரிய எழுத்துகளின் உயரம் 9 வரிசை, சிறிய எழுத்துகளின் உடல் உயரம் 6 வரிசை. பெரும்பாலான எழுத்துகள் முதல் 5 நெடுவரிசைகளையே பயன்படுத்துகின்றன. ஆறாவது நெடுவரிசை அடுத்த எழுத்தோடு ஒட்டாமல் இருப்பதற்கான இடைவெளி. இந்த ஒரே ஒரு நெடுவரிசைதான் எழுத்துகளைப் பிரிக்கிறது என்பதை மறந்துவிட்டு அங்கே மை வைத்தால், வரைபலகையில் அழகாகத் தெரியும் எழுத்து நிரலின் நடுவில் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வோர் எழுத்தின் உருவமும் வரிசைக்கு ஓர் எண்ணாகப் பதினாறடிமான முறையில் எழுதப்பட்டிருக்கும். எண்ணை இருமமாக விரித்தால் இடப்பக்கத்து இலக்கம் முதல் பிக்சலைக் குறிக்கும். 88 என்பது 10001000. அதாவது முதல் பிக்சலும் ஐந்தாவது பிக்சலும் கறுப்பு. 20 என்பது 00100000. மூன்றாவது மட்டும் கறுப்பு. 50 என்பது 01010000. இரண்டாவதும் நான்காவதும் கறுப்பு. கட்டம் 6 பிக்சல் அகலமே என்பதால் எட்டு இலக்கங்களில் கடைசி இரண்டும் எப்போதும் பூஜ்ஜியமாகவே இருக்கும்.

திருத்தம் தொடங்கும் முன் குடும்பப் பெயரை மாற்றிவிடுங்கள். பொதுவுடைமை என்பதால் சட்டப்படி இது தேவையில்லை. ஆனால் அதே பெயரில் இரண்டு எழுத்துருக்கள் ஒரே கணினியில் இருந்தால் எது திரையில் தெரிகிறது என்பதை உறுதிசெய்ய முடியாது. புதிய எழுத்துகளைச் சேர்க்கும்போது தலைப்பகுதியில் உள்ள மொத்த எழுத்துகளின் எண்ணிக்கையையும் மாற்ற மறக்கக் கூடாது. அந்த எண் பொருந்தாவிட்டால் சில கருவிகள் கோப்பைப் பாதியிலேயே நிறுத்திவிடும்.

நிரலுக்காக மாற்ற வேண்டிய எழுத்துகள்

இந்தப் பகுதியில் அவசரம் வேண்டாம். பழைய எழுத்துருவைக் கையில் எடுத்தவுடன் எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கும் ஆசை எழும். ஆனால் மாற்றிய ஒவ்வோர் எழுத்தும் மாற்றாத மற்ற எழுத்துகளின் சாயலோடு பொருந்த வேண்டும் என்பதால், மாற்றங்கள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது. ஒரு வடிவத்தால் நிரலைத் தவறாகப் படிக்க நேர்கிறதா என்பதே அளவுகோல். நேர்ந்தால் மாற்றுங்கள், பழக்கமில்லாமல் தோன்றுகிறது என்பது மட்டும் காரணமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

முதலில் பூஜ்ஜியம். 6×13 எழுத்துருவில் பெரிய 'ஓ' மேலும் கீழும் தட்டையாகவும் பூஜ்ஜியம் மேலும் கீழும் கூராகவும் வரையப்பட்டிருக்கின்றன. இரண்டும் அருகருகே இருக்கும்போது இந்த வேறுபாடு தெரியும். பதினாறடிமான எண்களும் மாறிகளின் பெயர்களும் கலந்த ஒரு வரியில் ஒன்று மட்டும் தனியாக வரும்போது தெரியாது. இதற்கு முழு எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. நடு வரிசையில் ஒரே ஒரு பிக்சலைச் சேர்த்தால் போதும்:

··█···
·█·█··
█···█·
█···█·
█·█·█·
█···█·
█···█·
·█·█··
··█···

கோப்பில் இது ஒரே வரித் திருத்தம்: ஒன்பது வரிசைகளில் ஐந்தாவதில் 88 என்று இருப்பதை ஏ8 என்று மாற்ற வேண்டும். சாய்கோட்டுப் பூஜ்ஜியத்தை விரும்புகிறவர்கள் நடு மூன்று வரிசைகளில் சாய்வாக மூன்று பிக்சல்களை வைக்கலாம். ஆனால் 5 பிக்சல் அகலத்தில் அந்தச் சாய்கோட்டின் இரு முனைகளும் பக்கக் கோடுகளைத் தொட்டுவிடுவதால் எழுத்து அடைத்ததுபோல் ஆகி எட்டை நினைவூட்டும். இந்த அளவில் புள்ளியே சிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து ஒன்று, சிறிய 'எல்', பெரிய 'ஐ', செங்குத்துக் கோடு என்ற நால்வர். செங்குத்துக் கோட்டுக்கு மேலும் கீழும் கிடைக்கோடு இல்லை, பெரிய 'ஐ'க்கு இரு பக்கமும் உண்டு. ஆகவே அவை தெளிவாகப் பிரிகின்றன. சிக்கல் ஒன்றுக்கும் சிறிய 'எல்'லுக்கும் இடையில்தான், ஏனெனில் இரண்டுமே அடியில் கிடைக்கோட்டின்மேல் நிற்கின்றன, தலையில் இடப்பக்கம் ஒரு சிறு கொக்கியும் வைத்திருக்கின்றன. 'எல்'லின் அடியில் உள்ள கிடைக்கோட்டை நீக்கி வலப்பக்கம் வளையும் ஒரு வாலைக் கொடுத்தால் குழப்பம் தீர்ந்துவிடும்:

·██···
··█···
··█···
··█···
··█···
··█···
··█···
··█···
···██·

மேற்கோள் குறிகள் தனிக் கவனம் கேட்பவை. பழைய எக்ஸ் எழுத்துருக்கள் பலவற்றில் ஒற்றை மேற்கோளும் அதன் இணையான பின்சாய்ந்த குறியும் ஒன்றுக்கொன்று எதிராக வளைந்த இரட்டைகளாக வரையப்பட்டிருந்தன. அந்தக் காலத்தில் மேற்கோளைத் திறக்க ஒன்றையும் மூட மற்றொன்றையும் பயன்படுத்தும் வழக்கமே அதற்குக் காரணம். யூனிகோடு தரத்தின்படி ஒற்றை மேற்கோள் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று மார்க்குஸ் குன் விரிவாக வாதிட்டார். இன்று ஷெல் நிரலிலும் மார்க்டவுனிலும் இவ்விரு குறிகளும் முற்றிலும் வேறான பொருள் தருவதால், ஒன்று நேராகவும் மற்றொன்று தெளிவாக இடப்பக்கம் சாய்ந்தும் இருக்கின்றனவா என்று உங்கள் மூலக்கோப்பில் பார்த்துவிடுங்கள்.

முற்றுப்புள்ளியை மாற்றிவிடாதீர்கள் என்று தனியாகவே கேட்டுக்கொள்கிறேன். இந்த எழுத்துருவில் அது ஒற்றைப் பிக்சலாக இல்லாமல் ஐந்து பிக்சல்களால் ஒரு சிறு கூட்டல் குறிபோல் வரையப்பட்டிருக்கிறது. காற்புள்ளியோ சாய்ந்து கீழிறங்குகிறது. பெரிதாக்கிப் பார்க்கும்போது முற்றுப்புள்ளி சற்று விந்தையாகத் தோன்றினாலும், உண்மையான அளவில் அது தெளிவான உருண்டைப் புள்ளியாகத் தெரிகிறது, காற்புள்ளியோடு ஒருபோதும் குழம்புவதில்லை. நவீனமாக்குகிறோம் என்று அதை 2×2 சதுரமாக்கினால் நிரல்மொழிகளில் மிக அதிகமாக வரும் இரண்டு குறிகளின் வேறுபாட்டைக் குறைத்துவிடுவோம்.

நெளி அடைப்புக்குறியின் நடு மூக்கு குறைந்தது ஒரு பிக்சலாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அது வட்ட அடைப்புக்குறியாகப் படிக்கப்படும். கூட்டல், கழித்தல், சமன், உடுக்குறி ஆகியவற்றின் நடுவரிசை ஒன்றாக இருக்கிறதா என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். கழித்தலையும் பெரிது என்னும் குறியையும் சேர்த்து அம்புக்குறியாக எழுதும்போது ஒரு வரிசை பிசகினாலும் கண்ணை உறுத்தும். இரண்டு குறிகளை ஒன்றாக இணைத்துக் காட்டும் கூட்டெழுத்துகளை இதில் சேர்க்க நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டம் கட்டமாகப் படிக்கும் இயல்புதான் இவ்வகை எழுத்துருவின் பலம்.

தடித்த வடிவம்

எளிய வழி, ஒவ்வொரு பிக்சலையும் வலப்பக்கம் ஒரு முறை படியெடுப்பது. 5 பிக்சல் அகல எழுத்தில் இது ஆறாவது நெடுவரிசையை நிரப்பிவிடுவதால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். நடுவில் ஒரே பிக்சல் இடைவெளி உள்ள 'எம்', 'டபிள்யூ' போன்றவை கறுப்புக் கட்டிகளாகிவிடும். இதைத் தவிர்த்துக் கையால் வரைந்த தடித்த வடிவம் குன்னின் தொகுப்பிலேயே இருப்பதால் அதையே எடுத்து, மேலே சொன்ன அதே திருத்தங்களை அதிலும் செய்யுங்கள். தடித்த கோப்பே இல்லாமல் வெளியிடுவது மட்டும் கூடாது. கோப்பு இல்லையென்றால் எடிட்டர் தானாகவே எழுத்தைத் தடிப்பாக்கும், அப்போது பாதிப் பிக்சல்கள் உள்ளே நுழைந்துவிடும்.

கோடுகளும் கட்டங்களும்

டெர்மினலில் இயங்கும் கோப்பு மேலாளரும் கணினிக் கண்காணிப்பு நிரல்களும் யூனிகோடில் 2500-இலிருந்து தொடங்கும் 128 கோட்டு எழுத்துகளையும் அவற்றை அடுத்துவரும் 32 கட்ட எழுத்துகளையும் பயன்படுத்துகின்றன. சில டெர்மினல்கள் இவற்றைத் தாங்களே வரைந்துகொள்கின்றன. எல்லாம் அப்படிச் செய்வதில்லை என்பதால் சரியாக வரைந்து வைப்பது அவசியம். சாதாரண எழுத்துகளுக்கு உள்ள இடைவெளி விதி இங்கே தலைகீழாகிறது: கோடுகள் கட்டத்தின் விளிம்புவரை சென்று அடுத்த கட்டத்தைத் தொட வேண்டும்.

அகலம் 6 என்பது இரட்டை எண். ஆகவே நட்டநடுவில் பிக்சல் இல்லை. செங்குத்துக் கோட்டை மூன்றாவது நெடுவரிசையிலோ நான்காவதிலோ வைக்கலாம். எதில் வைத்தாலும் எல்லா எழுத்துகளிலும் அதே நெடுவரிசையே வர வேண்டும். உயரம் 13 ஒற்றை எண் என்பதால் ஏழாவது வரிசை இயல்பான நடு. அரைக் கட்டங்களுக்கு இது எதிராகத் திரும்புகிறது: 13 சரிபாதியாகப் பிரியாது. மேல்பாதிக்கு 6 வரிசை, கீழ்பாதிக்கு 7 வரிசை என்று கொடுத்தால் இரண்டும் சேர்ந்து முழுக்கட்டத்தை இடைவெளியோ மேற்படிவோ இல்லாமல் நிரப்பும். டெர்மினலின் நிலைப்பட்டைகளில் வரும் பவர்லைன் முக்கோணத்தை வரைய, மேலிருந்து கீழாக வரிசைகளின் நீளம் 1, 1, 2, 3, 4, 5, 6, 5, 4, 3, 2, 1, 1 என்று அமையட்டும். நுனி கூராகவும் இருக்கும், மேல் கீழ் மூலைகளில் வெற்றிடமும் விழாது.

பிக்சலை வெளிக்கோடாக மாற்றுதல்

மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோடு போன்ற எடிட்டர்கள் வெளிக்கோட்டு எழுத்துருவை மட்டுமே எதிர்பார்ப்பதால், ஒவ்வொரு பிக்சலும் ஒரு சிறு சதுரமாகும்படி ட்ரூடைப் கோப்பு ஒன்றை உருவாக்க வேண்டும். பலர் இதற்காகப் பிட்மேப்பைத் தானியங்கி வரைவுக் கருவிகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். அக்கருவிகள் படிக்கட்டான விளிம்புகளை வளைவுகளாக ஊகிப்பதற்காக எழுதப்பட்டவை. நமக்கு வேண்டியதோ ஊகமே இல்லாத நேர்க்கோடுகள். பைதானில் ஃபாண்ட்டூல்ஸ் நூலகத்தைக் கொண்டு ஒரு சிறு நிரலை நாமே எழுதுவது மேல்.

அந்த நிரலின் வழிமுறை இது. ஒவ்வொரு கறுப்புப் பிக்சலுக்கும் நான்கு பக்கங்களையும் திசையோடு குறித்துக்கொள்ளுங்கள். அருகருகே இரண்டு கறுப்புப் பிக்சல்கள் இருந்தால் அவற்றுக்கு இடையிலான பக்கம் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு முறை வரும்; அப்படி வரும் இணைகளை நீக்கிவிடுங்கள். மீதமுள்ள பக்கங்களை முனையோடு முனை சேர்த்தால் எழுத்தின் வெளிக்கோடு கிடைக்கும். உள்ளே உள்ள துளைகளின் கோடு தானாகவே எதிர்த்திசையில் அமைந்துவிடும். ஒரே நேர்க்கோட்டில் உள்ள இடைப்புள்ளிகளை நீக்கிவிடலாம். இவ்வாறு இணைக்காமல் தனித்தனிச் சதுரங்களாகவே விட்டால், சில திரைகளில் சதுரங்களுக்கு இடையே மெல்லிய வெளிறிய கோடுகள் தெரியும். இரண்டு பிக்சல்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஒரு புள்ளியிலிருந்து இரண்டு வழிகள் பிரியும். அங்கே எப்போதும் அதே பிக்சலைச் சுற்றியே திரும்ப வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டால் கோடு தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாது.

இப்போது அலகுக் கணக்கு. பல எழுத்துருக்கள் மங்கலாகத் தெரிவதற்கு இங்கே நேரும் பிழைதான் காரணம். ட்ரூடைப்பில் எழுத்துருவின் அளவுச் சதுரத்தை, அதாவது எழுத்தளவைக் குறிக்கும் கற்பனைச் சதுரத்தை, வழக்கமாக 2048 அலகுகளாகப் பிரிப்பார்கள். அதற்குள் 13 பிக்சல்களை அடைக்க முயன்றால் ஒரு பிக்சலுக்கு 157.54 அலகு வரும்; பின்னம் தொடக்கத்திலேயே நுழைந்துவிடுகிறது. 16 முதல் 16384 வரை எந்த முழு எண்ணையும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஒரு பிக்சலுக்கு 100 அலகு என்று வைத்துக்கொள்வதே எளிது.

அப்படியானால் மொத்தம் 1300 அலகு என்று வைக்கத் தோன்றும். அது சரியே, 13 பிக்சல் அளவில் எழுத்து துல்லியமாக விழும். ஆனால் விண்டோசின் பல செயலிகள் அளவைப் பாயின்டில்தான் கேட்கின்றன. 96 பிரிதிறனில் 13 பிக்சல் என்பது 9.75 பாயின்ட், 9 என்று கொடுத்தால் 12 பிக்சல், 10 என்று கொடுத்தால் 13.33 பிக்சல், இரண்டிலும் எழுத்து கலங்கிவிடும். அளவுச் சதுரம் கட்டத்தின் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். மொத்தத்தை 1600 அலகாக, அதாவது 16 பிக்சலாக வையுங்கள். 12 பாயின்ட் என்பது மிகச் சரியாக 16 பிக்சல் ஆதலால், பயனர் 12 என்று முழு எண்ணைக் கொடுத்தாலே ஒவ்வொரு பிக்சலும் தன் இடத்தில் உட்காரும். 24 என்று கொடுத்தால் எழுத்து இரு மடங்காகும்.

எழுத்தின் அகலம் 600, அடிக்கோட்டுக்கு மேலே 1100, கீழே 200, கூடுதல் வரி இடைவெளி 0. மேல் கீழ் அளவுகளைக் கோப்பின் மூன்று இடங்களில் எழுத வேண்டும். மேக், விண்டோஸ், லினக்ஸ் ஆகியவை வெவ்வேறு இடங்களிலிருந்து படிப்பதால் மூன்றிலும் ஒரே எண்கள் இருந்தால்தான் எங்கும் ஒரே வரி உயரம் கிடைக்கும். நம் பூஜ்ஜியத்தின் நடுப்புள்ளியை வைத்துக் கணக்கைச் சரிபார்க்கலாம்: அது மூன்றாவது நெடுவரிசை, ஆகவே கிடைமட்டத்தில் 200 முதல் 300 வரை, ஒன்பதில் ஐந்தாவது வரிசை, ஆகவே அடிக்கோட்டிலிருந்து 400 முதல் 500 வரை. இந்த நான்கு எண்கள் உங்கள் கோப்பில் அப்படியே வந்தால் மாற்றம் சரியாக நடந்திருக்கிறது.

எல்லா எழுத்துகளும் ஒரே அகலம் என்பதை எழுத்துருவின் அட்டவணைகளிலும் அறிவிக்க வேண்டும். நிலை அகலக் கொடியை ஏற்றி, எழுத்துருவின் இயல்புகளை எண்களால் குறிக்கும் பனோஸ் வகைப்பாட்டில் விகிதத்துக்கு உரிய இடத்தில் 9 என்று வைத்தால்தான் பல டெர்மினல்களின் தேர்வுப் பட்டியலில் எழுத்துரு தோன்றும். இருமடங்கு அகலமுள்ள ஓர் எழுத்து தவறிப்போய்க் கோப்பில் இருந்தாலும் முழு எழுத்துருவும் அந்தப் பட்டியலிலிருந்து விலக்கப்படலாம்.

திரையின் உருப்பெருக்கம்

திரை 100 அல்லது 200 விழுக்காட்டில் இருந்தால் கவலை இல்லை. 125, 150 விழுக்காடுகளில்தான் கணக்குப் போட வேண்டும்: எடிட்டரில் கொடுக்கும் அளவை உருப்பெருக்கத்தால் பெருக்கினால் 16-இன் மடங்கு வர வேண்டும். 150 விழுக்காட்டில் இரு மடங்கு எழுத்து வேண்டுமானால் 32-ஐ 1.5-ஆல் வகுத்து 21.333 என்றும், 125 விழுக்காட்டில் 25.6 என்றும் கொடுக்கவும். விஎஸ் கோடு பின்ன அளவுகளை ஏற்றுக்கொள்கிறது. வரி உயரத்தை அது எழுத்துருவின் அளவுச் சதுரத்திலிருந்து தானே கணக்கிடுவதால், அதையும் கையால் நிர்ணயிப்பது நல்லது. 100 விழுக்காட்டில் 13 என்று கொடுத்தால் கட்டங்கள் ஒட்டி நிற்கும், 15 என்று கொடுத்தால் வரிகளுக்கு இடையே சற்றுக் காற்று கிடைக்கும்.

விளிம்பை மென்மையாக்கும் வசதியை அணைக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். அளவு மிகச் சரியாக இருந்தால் சதுரங்களின் விளிம்புகள் பிக்சல் எல்லையிலேயே விழுவதால் மென்மையாக்க எதுவும் மிஞ்சாது. ஆகவே மங்கலாகத் தெரிந்தால் முதலில் அளவைச் சரிபாருங்கள். லினக்ஸில் தானியங்கி ஹின்டிங்கை (விளிம்புகளைப் பிக்சலுக்கு ஏற்பத் தானாக நகர்த்தும் வசதியை) மட்டும் இந்தக் குடும்பத்துக்கு, எழுத்துருக்களை நிர்வகிக்கும் ஃபாண்ட்கான்ஃபிக் வழியாக நிறுத்திவிடுவது பாதுகாப்பு. சரியான இடத்தில் இருக்கும் விளிம்புகளை அது நகர்த்திவிடக் கூடும்.

ஒவ்வொரு சூழலுக்கும் உரிய கோப்பு

எக்ஸ்டெர்முக்கு, பிட்மேப் மூலக்கோப்பைப் பிசிஎஃப் வடிவுக்கு மாற்றும் எக்ஸ் அமைப்பின் கருவியே போதும். ஜிடிகே நூலகத்தைக் கொண்டு எழுதிய செயலிகளுக்கு அது உதவாது: அவற்றில் எழுத்துகளை அடுக்கும் பாங்கோ நூலகத்தின் 2019-இல் வந்த 1.44 பதிப்பு, எழுத்து வடிவங்களைத் தேர்ந்து பொருத்தும் ஹார்ஃப்பஸ் நூலகத்தை முழுமையாகச் சார்ந்ததால், பழைய பிட்மேப் வடிவங்களுக்கான ஆதரவு அதில் கைவிடப்பட்டது. அதே பிட்மேப்பை ஓப்பன்டைப் உறைக்குள் வைத்தால் பாங்கோ ஏற்றுக்கொள்கிறது; ஃபாண்ட்ஃபோர்ஜ் இந்த ஓடிபி வடிவை நேரடியாக எழுதும். சில லினக்ஸ் வழங்கல்களில் பிட்மேப் எழுத்துருக்களை மறைக்கும் ஃபாண்ட்கான்ஃபிக் விதி தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். அதை நீக்கிவிட்டுத் தற்காலிகச் சேமிப்பைப் புதுப்பித்தால்தான் எழுத்துரு கண்ணுக்குத் தெரியும். லினக்ஸ் கன்சோலுக்கு டெபியனின் மாற்றுக் கருவியால் பிஎஸ்எஃப் கோப்பு செய்யலாம். அதில் 256 அல்லது 512 எழுத்துகளுக்கே இடம் என்பதால் ஆங்கில எழுத்துகள், கோடுகள், உங்களுக்குத் தேவையான சில குறிகள் என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். விண்டோசுக்கும் மேக்குக்கும் மேலே உருவாக்கிய ட்ரூடைப் கோப்பே போதும்.

தமிழில் குறிப்புரை எழுதுகிறவர்களுக்கு

இந்த எழுத்துருவில் தமிழைச் சேர்க்க முயல வேண்டாம் என்பதே என் அறிவுரை. 6 பிக்சல் அகலத்தில் 'ண'வும் 'ஐ'யும் அடங்கா. இரண்டு கட்டம் கொடுத்தாலும் 'ணௌ' திணறும். அதைவிட ஆழமான சிக்கல் டெர்மினல் கட்டங்களை எண்ணும் முறையில் இருக்கிறது. பல டெர்மினல்கள் பின்பற்றும் கட்ட எண்ணிக்கை முறை, இடம் பிடிக்காத ஒட்டுக்குறிகளுக்குப் பூஜ்ஜியக் கட்டமும் இடம் பிடிக்கும் குறிகளுக்கு ஒரு கட்டமும் ஒதுக்குகிறது. இம்முறைக்குப் பரவலாகப் பயன்படும் நிரலை எழுதியவரும் மார்க்குஸ் குன்தான். யூனிகோடு வகைப்பாட்டில் இகரக் குறி இடம் பிடிப்பது, ஈகாரக் குறி இடம் பிடிக்காதது. ஆகவே 'கி'க்கு இரண்டு கட்டம், 'கீ'க்கு ஒரே கட்டம். எழுத்துருவை எப்படி வரைந்தாலும் இந்தக் கணக்கோடு அது பொருந்தாது. தமிழ் எழுத்துகளை நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற மாற்று எழுத்துருவிடம் விட்டுவிடுங்கள். பிக்சல் தோற்றமே வேண்டுமென்றால் 16 பிக்சல் உயரம் கொண்ட குனு யூனிஃபாண்டில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன.

சோதித்தலும் வெளியிடலும்

எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கிப் பார்ப்பதால் அதிகம் தெரியாது. குழம்பக்கூடிய இணைகளை நெருக்கமாகக் கலந்த ஒரு சோதனைக் கோப்பும், நீங்கள் அன்றாடம் எழுதும் மொழியில் ஒரு நீண்ட உண்மையான நிரலும் வேண்டும். அதை இருண்ட பின்னணியிலும் வெளிர் பின்னணியிலும் பாருங்கள். வெளிர் பின்னணியில் ஒற்றைப் பிக்சல் கோடுகள் மெலிந்து தெரிவதால் பூஜ்ஜியத்தின் புள்ளி அங்கேதான் முதலில் மறையும். திரைப்பிடிப்பு எடுத்து எட்டு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள்: எழுத்தின் நிறம், பின்னணியின் நிறம் என்ற இரண்டு நிறங்களே தெரிய வேண்டும். மூன்றாவது சாம்பல் நிறம் ஒரு பிக்சலிலாவது இருந்தால், அலகுக் கணக்கிலோ திரை அளவிலோ ஒரு பின்னம் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

வெளியிடும்போது மூலக்கோப்பையும், மாற்று நிரலையும், உருவான கோப்புகளையும் ஒரே களஞ்சியத்தில் வைத்து, எந்த எழுத்துகள் மாற்றப்பட்டன, ஏன் மாற்றப்பட்டன என்பதை எழுத்துக்கு ஒரு வரியாகக் குறித்து வையுங்கள். பூஜ்ஜியத்தின் புள்ளி பிடிக்காத ஒருவர் அந்த ஒரு வரியைப் பார்த்து ஏ8-ஐ மறுபடியும் 88 ஆக்கிக்கொண்டு, மாற்று நிரலை ஓட்டித் தனக்கான கோப்பை உருவாக்கிக்கொள்ள அது போதுமானது.